பூடம் குறைப்பட்ட சிலை அல்ல

பூடத்தை இடித்துச் சிலை வைத்தால்தான் கோயில் கோயிலாகும் என்ற எண்ணம் தென்மாவட்டங்களில் இன்று அநேகமாக யாரும் எதிர்க்கேள்வி கேட்காத ஒன்றாகிவிட்டது. கோயிலுக்கு வரி கொடுக்கும் குடும்பங்களான வரிதாரர்களின் கூட்டத்தில் எழுந்து ‘எதற்கு இடிக்க வேண்டும்?’ என்று கேட்பவரை வரி கொடுக்க மனமில்லாதவர் என்றே பார்க்கிறார்கள். சுடலைமாடனுக்கும் பேச்சிக்கும் முண்டனுக்கும் தளவாய்மாடனுக்கும் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்து எழுப்பிய பீடங்கள், மேலே போகப்போகக் குறுகும் அந்தச் சதுரத் தூண்கள், ஒவ்வோர் ஊராக விழுந்துகொண்டிருக்கின்றன. அவை நின்ற இடத்தில் முறுக்கிய மீசையும் ஓங்கிய அரிவாளுமாய் வண்ணம் பூசிய சிலைகள் வருகின்றன. மேலே விமானம், முன்னால் எவர்சில்வர் கம்பி, சுவரில் நன்கொடையாளர் பெயர் வெட்டிய கருங்கல் பலகை.

இடிக்கச் சொல்பவர்கள் சாமிமேல் அன்பில்லாதவர்கள் அல்ல. அவர்கள் சொல்வது இதுதான்: தாத்தா காலத்தில் கையில் காசில்லை, ஸ்தபதியை அழைக்க வழியில்லாமல் செங்கலை அடுக்கிக் கும்பிட்டார்கள். இன்று பிள்ளைகள் சென்னையிலும் துபாயிலும் சம்பாதிக்கிறார்கள்; நம் சாமி மட்டும் ஏன் இன்னும் மொட்டைத் தூணாக நிற்க வேண்டும்? உருவம் இருந்தால்தானே மனம் ஒன்றும், சிறுபிள்ளைக்கும் பக்தி வரும்? பூடம் என்றாலே ரத்தப்பலி என்று வெளியார் முகம் சுளிக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு காலத்தில் பெரிய கோயில் வாசலிலேயே நம்மைத் தடுத்து நிறுத்தினார்கள். அதே யாகசாலை, அதே கும்பாபிஷேகம் இன்று நம் கோயிலில் நடக்கிறது. இது நம் தலைநிமிர்வு. சிலைக்குள் இருப்பதும் அதே சுடலைதான். இதில் என்ன நட்டம்?

நட்டம் பெரிது. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

1. காசில்லாததால்தான் பூடம் வைத்தார்கள் என்பது நடந்த கதையே அல்ல.

பாளையங்கோட்டையிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலையில் கிருஷ்ணாபுரம் இருக்கிறது. பதினாறாம் நூற்றாண்டில் குறவனையும் வீரபத்திரனையும் கையின் நரம்பு புடைத்துத் தெரியும்படி கல்லில் வடித்த ஊர். அதைச் சுற்றியுள்ள கிராமங்களில் மாடனுக்குப் பூடம்தான் நின்றது. கல்லுக்குக் காசில்லை என்றே வைத்துக்கொள்வோம். மண்ணுக்குமா இல்லை? அய்யனாருக்கு ஆள் உயரத்துக்கும் மேலே மண்குதிரை செய்து சூளையில் சுட்டுக் கொடுத்த வேளார்கள் இதே தமிழ்நாட்டுக் கிராமங்களில்தான் இருந்தார்கள். குதிரைக்கு உருவம் கொடுக்கத் தெரிந்த ஊர், சாமிக்குப் பூடமே போதும் என்று நிறுத்தியிருக்கிறது. அது தெரிந்து செய்த தேர்வு.

உருவமில்லாத இடத்தைத் தொழுவது நம் வழக்கத்தில் புதிதுமல்ல. பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்துப் பொதுவிடத்தில் தரை மெழுகி விளக்கேற்றிப் பூவிட்டுத் தொழுத கந்து என்ற தூணைப் பேசுகிறது. 2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கிடைத்த தமிழி எழுத்து நடுகற்களில் இறந்தவனைப் பற்றிய எழுத்து இருக்கிறது. அவன் உருவம் இல்லை. வாளும் வில்லும் ஏந்திய வீரனைக் கல்லில் செதுக்கும் வழக்கம் பின்னால் பரவியது.

வேறு சமயங்களைப் பாருங்கள். விவிலியத்தின் யாத்திராகமம் 20ஆம் அதிகாரம், கல்லால் பலிபீடம் கட்டினால் செதுக்கிய கல்லை வைக்கக் கூடாது, உளி பட்டால் தீட்டு என்று விதிக்கிறது. உளி இல்லாத ஏழைகளுக்குச் சொன்ன சமாதானம் அல்ல அது, கட்டளை. வேத வேள்விகளில் மிகப் பெரியவற்றுள் ஒன்றான அக்னிசயனத்துக்குச் செங்கல்லை ஐந்து அடுக்காக அடுக்கிப் பருந்து வடிவில் மேடை கட்டுகிறார்கள். 1975இல் கேரளத்தின் பாஞ்ஞாளில் நம்பூதிரிகள் அதைப் பன்னிரண்டு நாள் நடத்தினார்கள். உலகத்து அறிஞர்கள் வந்து படம் எடுத்துப் பதிவு செய்தார்கள். அங்கே சிலை கிடையாது. செங்கல் மேடைமேல் நெருப்பு, அவ்வளவுதான். நம்பூதிரி அடுக்கிய செங்கல் ஞானம், நம் கொத்தனார் அடுக்கிய செங்கல் வறுமை என்று பிரிப்பதற்கு எந்த அளவுகோலைப் பயன்படுத்துகிறோம்?

2. உருவம் இல்லாமல் மனம் ஒன்றாது என்பது கொடை என்னும் கோயில் விழாவை ஓரிரவு முழுக்கப் பார்த்தவர் சொல்லக்கூடிய பேச்சல்ல.

கொடைக்கு முன்பே பூடத்துக்கு வெள்ளையடித்துக் காவிப்பட்டை போட்டுவிடுவார்கள். கொடையன்று சந்தனத்தைக் குழைத்து உருளியில் வைத்துக்கொண்டு பூசாரி உட்காருகிறார். பூசாரி என்றால் வெளியூரார் அல்ல. அந்தக் குடும்பத்துப் பெரியவர், மற்ற நாட்களில் வயலுக்குப் போகிறவர். கைகொள்ளும் மட்டும் சந்தனத்தை அள்ளிப் பூடத்தின் மேல்பாகத்தில் அப்புகிறார். கட்டைவிரலால் இழுத்து மூக்குக்கு மேடு எடுக்கிறார். உதட்டை நகத்தால் கீறுகிறார். வெள்ளிக் கண்மலர் இரண்டையும் அழுத்திப் பதித்துவிட்டுச் சற்றுப் பின்னால் நகர்ந்து பார்க்கிறார். இடது கண் ஏறியிருக்கிறது, திரும்பப் போய் இறக்குகிறார். பிச்சிமாலை விழுகிறது, தாழம்பூ ஏறுகிறது. அதுவரை தூணாக நின்றது விளக்கு வெளிச்சத்தில் நம்மைப் பார்க்கத் தொடங்குகிறது. மறுநாள் வெயிலில் அந்த முகம் வெடித்து உதிர்கிறது. உதிர்ந்த சந்தனத்தைத் திருநீற்றோடு மடித்து வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள்.

உருவம் இல்லை என்று யார் சொன்னது? ஒவ்வொரு கொடைக்கும் அந்தக் குடும்பத்துக் கை புதிதாக ஓர் உருவம் செய்கிறது. பூடம் தரும் வாய்ப்பே அதுதான். சிலை வைத்தவுடன் அந்தக் கைக்கு வேலை இல்லை. எங்கோ ஒரு பட்டறையில் யாரோ முடித்து அனுப்பிய முகத்துக்கு மாலை போடுவது மட்டும்தான் மிச்சம்.

இன்னும் முக்கியமானது வேறு. சுடலையின் வழிபாடு மூன்று இடங்களில் பிரிந்து நிற்கிறது. பூடம் அவன் இருப்பிடம். அவன் கதை வில்லுப்பாட்டில் இருக்கிறது. கயிலையில் விளக்குச் சுடரில் பிறந்தது, சுடுகாட்டுப் பிணம் தின்றது, மலையாள நாட்டுக்குப் போய் மந்திரவாதி காளிப்புலையனை வென்றது எல்லாம் அங்கே உண்டு. அவன் உடல் சாமியாடி. வில்லுப்பாட்டை முன்னின்று பாடும் அண்ணாவி வரத்துப்பாட்டை எடுத்து உடுக்கும் குடமும் வேகம் கூடும்போது, சல்லடமும் குல்லாயும் கட்டி வல்லயம் பிடித்த ஒரு மனிதன் நடுங்கி எழுகிறான். அந்த நேரம் எல்லோரும் அவன் முகத்தைத்தான் பார்க்கிறார்கள், அவனிடம்தான் குறி கேட்கிறார்கள். பூடம் முகமில்லாமல் நிற்பதால்தான் சாமி அந்த மனிதனுக்குள் வந்து இறங்க இடம் இருக்கிறது. கருவறைக்குள் முழுமீசையோடு ஒரு சிலை நிரந்தரமாக நின்றுவிட்டால், வெளியே ஆடுகிறவன் வெறும் வேடிக்கை ஆகிறான். முதலில் அவனை மண்டபத்துக்கு வெளியே ஆடச் சொல்வார்கள். பிறகு சீக்கிரம் முடிக்கச் சொல்வார்கள்.

உருவமில்லாமல் கும்பிடுவது பக்குவம் இல்லாதவர்கள் செய்வது என்று சொல்லும் துணிச்சல் இதே ஊர்களில் எப்படி வருகிறது என்று புரியவில்லை. சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் கண்ணாடியை வைத்தார். வடலூரில் வள்ளலார் 1872இல் சோதியை வைத்தார். சிதம்பரத்தில் திரையை விலக்கினால் தெரிவது வெட்டவெளி. அங்கெல்லாம் ‘ஆகா, தத்துவம்’ என்கிறோம். மாடன் பூடத்தின் முன்னால் வந்ததும் ‘மொட்டைத் தூண்’ என்கிறோம்.

3. ரத்தப்பலிக்கு முகம் சுளிப்பவர்கள் சொல்லும் ‘பலிபீடம் என்பது ஆணவத்தைப் பலியிடும் இடம், ரத்தப்பலி பிற்காலத்து அறியாமை’ என்பது நேரெதிராகத் திருப்பிப் போட்ட வரலாறு.

ஆகமக் கோயிலின் பலிபீடத்தில் கொடிமரத்துக்குப் பக்கத்தில் இன்றும் சோறுதான் வைக்கிறார்கள். திருவிழாவில் எட்டுத் திக்குக் காவலருக்கும் பலி போடுகிறார்கள். உணவு படைக்கும் இடம் அது. ஆணவத்தை அங்கே விட்டுவிட்டு உள்ளே போ என்பது அழகான போதனை, எனக்கும் பிடிக்கும். ஆனால் அந்தப் போதனை மேலே ஏற்றிச் சொன்னது, அடியில் கிடப்பது சோற்றுப்பருக்கை. சிலப்பதிகாரத்து இந்திரவிழாவில் காவற்பூதத்தின் பலிபீடிகை முன்னால் வீரர்கள் தம் தலையையே அரிந்து வைக்கிறார்கள். மாமல்லபுரத்துத் திரௌபதி ரதத்துக்குள் போய்ப் பாருங்கள்: கொற்றவையின் காலடியில் மண்டியிட்டவன் கையில் வாள், இன்னொரு கையில் தன் தலைமுடி. திருமுருகாற்றுப்படையில் முருகனுக்கு ஆட்டுக் குருதியில் பிசைந்த அரிசி படைக்கிறார்கள். நள்ளிரவுச் சாமக்கொடையில் ரத்தச்சோற்றுத் திரளை எறிகிற சுடலைக்காரனைப் பார்த்து ‘நாகரிகமில்லை’ என்பவர் அதே வாயால் திருமுருகாற்றுப்படையைப் பாராயண நூல் என்கிறார்.

பலியை விட வேண்டும் என்று ஒரு குடும்பம் முடிவெடுத்தால் நான் எதிர்க்க மாட்டேன். வைகுண்டர் அதை இந்த மண்ணிலேயே நின்று சொன்னார். ஆனால் பலியை நிறுத்துவதற்குப் பூடத்தை ஏன் இடிக்க வேண்டும்? பாஞ்ஞாள் வேள்வியில் ஆட்டுப்பலிக்கு எதிர்ப்பு வந்ததும் வாழையிலையில் சுற்றிய அரிசிமாவை வைத்தார்கள். செங்கல் மேடை அப்படியே இருந்தது. சைவக்கொடை கொடுக்கும் குடும்பங்கள் நம்மிடமும் உண்டு. பூசணிக்காயை வெட்டிக் குங்குமம் தடவுகிறார்கள். பூடம் அதற்கும் இடம் கொடுக்கிறது. மேலிருந்து வரும் திருத்தம் எப்படிப் போகும் என்பதையும் பார்த்துவிட்டோம். ஆகஸ்ட் 2003இல் அன்றைய அரசு 1950ஆம் ஆண்டின் உயிர்ப்பலித் தடைச் சட்டத்தைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தச் சொன்னது. 2004இல் அதே அரசு அந்தச் சட்டத்தையே விலக்கிக்கொண்டது. படைக்கிறவர்களைக் கேட்காமல் படையலை மாற்ற முடியவில்லை.

4. தலைநிமிர்வு வாதத்தை மட்டும் இலேசாகக் கடந்துபோக மாட்டேன்.

அதன் பின்னால் இருக்கும் காயம் உண்மையானது. 1897இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நுழைந்ததற்காக நாடார்களை நீதிமன்றத்துக்கு இழுத்தார்கள். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908இல் நுழைய உரிமையில்லை என்றே முடிந்தது. திருவிதாங்கூரின் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வர 1936 ஆயிற்று. மதுரை மீனாட்சி கோயில் தடுக்கப்பட்டவர்களுக்குத் திறக்க 1939 ஜூலை ஆயிற்று. அந்த வாசல்களில் நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் தம் கோயிலில் யாகசாலை எழுப்பி, கலசத்தில் நீர் ஊற்றுவதை மேலே பார்த்துக் கைகூப்பி நிற்கும்போது கண்கலங்குகிறார்கள். அதைக் கேலி செய்கிறவனுக்கு இந்தப் பேச்சில் இடமில்லை.

ஆனால் யார் கலசத்துக்குப் பக்கத்தில் நிற்கிறார், யார் கீழே நின்று அண்ணாந்து பார்க்கிறார் என்று கேட்டாக வேண்டும்.

பூடத்தில் குடும்பத்துப் பெரியவர் சாமியைத் தொட்டுச் சந்தனம் அப்பினார். அவர் மகனும் அப்புவான். கும்பாபிஷேகம் முடிந்து கருவறை என்ற ஒன்று பிறந்ததும், அதற்குள் யார் போகலாம் என்ற கேள்வியும் பிறக்கிறது. மந்திரம் தெரிந்தவர் வேண்டும் என்கிறார்கள். வெளியூரிலிருந்து சம்பளத்துக்கு ஒருவர் வருகிறார். அவர் நல்லவராகவே இருக்கட்டும். நேற்றுவரை சாமியின் முகத்தைச் செய்த கை, இன்று தட்டை நீட்டித் திருநீறு வாங்குகிறது. பெரிய கோயில் வாசலில் தாத்தாவை நிறுத்திய கோட்டைப் பேரன் காசு கொடுத்துத் தன் கோயிலுக்குள் தானே போட்டுக்கொள்கிறான்.

இதன் கொடுமை புரிய வேண்டுமானால் தமிழ்நாட்டின் அர்ச்சகர் சட்டப் போராட்டத்தை நினைத்துப் பாருங்கள். பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்க 1970இல் சட்டத்திருத்தம். 1972இல் சேஷம்மாள் வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. 2006இல் மீண்டும் அரசாணை. 2015இல் மீண்டும் உச்ச நீதிமன்றம். கடைசியில் பயிற்சி முடித்த பல சாதி இளைஞர்களுக்கு ஆகஸ்ட் 2021இல் பணி ஆணை. ஐம்பது ஆண்டுகள். எந்த உரிமைக்காக அரசும் இயக்கங்களும் இத்தனை காலம் நீதிமன்றம் ஏறினவோ, அந்த உரிமை சுடலை கோயிலில் எந்த வழக்கும் இல்லாமல் இருந்தது. அதைத்தான் ‘முன்னேற்றம்’ என்ற பெயரில் எழுதிக் கொடுக்கிறோம்.

கணியானின் நிலையையும் சொல்ல வேண்டும். மகுடம் அடித்துப் பாடி, பேயாட்டம் ஆடி, சாமக்கொடையில் தன் கையைக் கீறிச் சாமிக்கு ரத்தம் கொடுக்கிறவர் அவர். பூடத்தின் முன்னால் அவருக்கு ஓர் இடமும் உரிமையும் உண்டு. யாகசாலை முறையில் அவருக்கு இடமே கிடையாது. அழைப்பு நின்றால் அவர் பிள்ளை மகுடத்தைத் தொடப்போவதில்லை.

பூடக் கோயில்களில் சாதி இல்லை என்று நான் சொல்லவில்லை. யார் எந்தப் பக்கம் நிற்பது, யாருக்கு முதலில் திருநீறு என்பதில் அங்கேயும் கசப்பு உண்டு, அடிதடி உண்டு. அதைத் தீர்க்க வரிதாரர்கள் உட்கார்ந்து பேச வேண்டும். சிலை வந்ததால் அந்தக் கசப்பு எங்கே தீர்ந்தது? அதே வரிசைதான், இப்போது கம்பிக்குள் நிற்கிறது.

5. ‘சிலைக்குள்ளும் அதே சாமிதானே’ என்பதற்குப் பதில்: இல்லை, எல்லாச் சாமியும் உள்ளே போவதில்லை.

ஒரு சுடலை கோயிலில் பூடம் ஒன்றா இருக்கிறது? வரிசையாக நிற்கும். பெரியது சுடலைக்கு, பக்கத்தில் பேச்சி, பிரம்மசக்தி, முண்டன், ஓரமாக முழங்கால் உயரத்தில் இன்னும் சில. அந்தச் சிறியவற்றில் ஒன்று குடும்பத்தில் அகாலமாய்ச் செத்த ஒருவருடையதாக இருக்கும். வெட்டுப்பட்டவன், கிணற்றில் விழுந்தவள். தெய்வமாகப் பிறந்தவர்களும் கொல்லப்பட்டுத் தெய்வமானவர்களும் என இரண்டு வகைக் கதைகள் வில்லுப்பாட்டில் உண்டு. 1988இல் வில்லுப்பாட்டைப் பற்றி நூல் எழுதிய ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டி, கொலைப்பட்டவர் கதை பாடும்போதுதான் கொடையின் உக்கிரம் உச்சத்துக்குப் போகிறது என்றார். ஓரத்தில் நிற்கும் சிறு பூடம் அந்தக் கொலைக்குச் சாட்சி. செய்தவர்களின் வாரிசும் பட்டவர்களின் வாரிசும் ஒரே ஊரில் இருக்க, வருடாவருடம் அந்தக் கதை ஒலிபெருக்கியில் பேர் சொல்லிப் பாடப்படுகிறது.

சிலை வைக்கும்போது கணக்குப் போடுகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு செலவு, எல்லாவற்றுக்கும் வைக்க முடியாது; பெரிய சாமி மூன்றுக்கு வைப்போம், மற்றதைச் ‘சேர்த்துக் கும்பிடுவோம்’. ஓரத்துப் பூடங்களின் செங்கல் தளத்துக்கு அடியில் நிரவப்படுகிறது. இரண்டு தலைமுறை போனால், கிணற்றில் விழுந்தவள் யார் என்று சொல்ல ஆள் இருக்காது. ஏன் விழுந்தாள் என்பது அதற்கு முன்பே போய்விடும்.

கதையைத் திருத்தும் வேலை புதிதல்ல. பாபநாசம் மலைமேல் சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனுக்கு இன்றும் தோல்செருப்பு காணிக்கை வைக்கிறார்கள். பட்டவராயன் என்ற முத்துப்பட்டன் பிராமணனாகப் பிறந்து, செருப்புத் தைக்கும் வாலப்பகடையின் மகள்கள் பொம்மக்காவையும் திம்மக்காவையும் மணந்தவன். மாமனாரின் மாட்டைக் காக்கப் போய் வெட்டுப்பட்டுச் செத்தவன். பின்னால் யாரோ அந்தக் கதைக்குள் ஒரு வரலாற்றைச் செருகினார்கள்: அந்தப் பெண்கள் பிறப்பால் பிராமணர்கள், காட்டில் கண்டெடுத்து வளர்க்கப்பட்டவர்கள் என்று. நா. வானமாமலை இந்தச் செருகலை அடையாளம் காட்டியிருக்கிறார். ஏட்டை மாற்றினார்கள். ஆனால் காணிக்கையை மாற்ற முடியவில்லை. செருப்பு இன்னும் தொங்குகிறது, கேட்கிற பிள்ளைக்குப் பதில் சொல்ல வைக்கிறது. சாமியின் முன்னால் வைக்கும் பொருளும் வைக்கும் இடமும் ஏட்டைவிடப் பிடிவாதமானவை. அதனால்தான் அவற்றில் கைவைக்கும்போது இவ்வளவு யோசிக்கச் சொல்கிறேன்.

இளைஞர்கள் சிலையைத்தான் விரும்புகிறார்கள் என்பதும் காதில் விழுகிறது. அவர்களுக்கு எதைக் காட்டினோம்? வில்லுப்பாட்டை இரவு பத்து மணிக்கே நிறுத்திவிட்டு இன்னிசைக் கச்சேரி வைத்தோம். எந்தப் பூடம் யாருடையது என்று ஒரு மாலைப்பொழுது உட்கார்த்திச் சொல்லவில்லை. பிறகு, அவர்களுக்குப் பூடம் பிடிக்கவில்லை என்கிறோம்.

திரட்டிய பணம் இருக்கிறது, செலவழித்தே ஆக வேண்டும் என்றால் அதற்கும் வழி உண்டு. ஒழுகாத கூரை போடலாம். பெண்கள் பொங்கலிட நல்ல தளம், குளியலறை, தண்ணீர்த்தொட்டி கட்டலாம். சிமெண்டை மேலே அப்பாமல், பழைய சுண்ணாம்புப் பூச்சுத் தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பூடங்களைச் செப்பனிடலாம். ஊரில் பாடும் கதையை ஒரு வில்லுப்பாட்டுக் குழுவை வைத்து இரவு முழுக்கப் பாடவைத்துப் பதிவு செய்யலாம். கல்பலகைக்கு ஆகும் காசில் ஒரு பகுதி போதும். சிலை இல்லாமல் மனம் ஆறவே இல்லை என்கிற ஊர்கள் பூடத்தைத் தொடாமல் பின்னால் தனியாக ஒரு சிலையை வைத்திருக்கின்றன. கொடையன்று சந்தனம் இன்னும் பூடத்துக்குத்தான் போகிறது.

இடிக்க நாள் குறித்துவிட்டவர்களிடம் நான் கேட்பது, கூட்டத்தில் மூன்று கேள்விகளுக்கு வாய்திறந்து பதில் சொல்லிவிட்டு இடியுங்கள் என்பதுதான். நாளைக்குச் சாமியைத் தொடப்போவது யார்? கணியானும் அண்ணாவியும் எங்கே நிற்பார்கள்? ஓரத்தில் நிற்கும் அந்த முழங்கால் உயரப் பூடம் யாருடையது?